மால்மோ மீன்கடை அம்மாள்

சைகோனில் இருந்த புதுச்சேரிக்காரர்களிடம் வெறுமனே அகுஸ்தேன் என்று கேட்டால் விழிப்பார்கள். 'ஐரோப்பா அகுஸ்தேன்' என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

ஒன்றரை வருஷம் வட ஐரோப்பாவைச் சுற்றி வந்த மனிதர் அல்லவா? திட்டம் கிட்டம் ஒன்றும் கிடையாதாம். வந்த ரயிலில் ஏறுவாராம், மனசுக்குப் பிடித்த ஊரில் இறங்குவாராம், கடல் குறுக்கிட்டால் அங்கே நிற்கும் படகில் தாவிவிடுவாராம். எந்த விருந்திலும் அவர் வாயைத் திறந்தால் எல்லோருக்கும் சோறு ஆறிப்போகும்.

அவர் வடக்கே போனது என்னவோ உண்மைதான். ஆனால் சைகோன் இருக்கிற அதே நாட்டின் வடகோடியான டோங்கின் வரைக்கும்தான் போனார். அங்கே ஒரு கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தபோது அபினிப் பெட்டி ஒன்று கால் முளைத்து நடந்துவிட்டது. கால் வைத்துக் கொடுத்தவர் அகுஸ்தேன்தான் என்று கோர்ட்டில் தீர்ப்பாகி, ஒன்றரை வருஷம் ஜெயில் கிடைத்தது. "அவுங்க வடக்கே போயிருக்காங்க" என்று மட்டும் அவர் மனைவி தனக்கொடி ஊருக்குச் சொல்லி வைத்தாள். எவ்வளவு வடக்கே என்பதை ஊரே முடிவு செய்துகொண்டது.

ஜெயிலில் அதே அறையில் ஹான்சன் என்று ஒரு டென்மார்க் மாலுமி இருந்தான். பொழுது சாய்ந்தால் தன் பக்கத்து ஊர்களைப் பற்றி அளக்க ஆரம்பிப்பான். சும்மா இல்லை, ஓர் ஊருக்கு அரைக் கிண்ணம் கஞ்சி கூலி. அப்படி வயிற்றைக் காயப்போட்டுக் கற்ற பூகோளத்தை வைத்துத்தான் அகுஸ்தேன் பத்து வருஷமாகப் பேர் வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பேருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை வந்தது.

மகள் மார்கரித்துக்கு வரன். பையனை மாதா கோயிலில் பார்த்த நாளிலிருந்து அவள் வேறு பேச்சையே எடுக்கவிடவில்லை. குடும்பமும் நல்ல குடும்பம். எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான், சம்பந்தம் பேசிய ரோசாலி அத்தை அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள். பையனின் அப்பா முசே பியேரும் வடக்குச் சீமையெல்லாம் சுற்றியவராம். அதுவும் மூன்று வருஷம்!

அகுஸ்தேன் கணக்குப் போட்டுப் பார்த்தார். பொய் உடைந்தால் ஜெயில் வெளியே வரும். ஜெயில் வெளியே வந்தால் கல்யாணம் நின்றுபோகும். பெண்ணின் முகத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பது?

"இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருங்க. மழையப் பத்திப் பேசுங்க, போதும்" என்றாள் தனக்கொடி.

மத்தியானம் பையன் வீட்டார் வந்து சாப்பிட உட்கார்ந்ததும், அவர் மழையைப் பற்றித்தான் ஆரம்பித்தார். ரோசாலி அத்தை விட்டால்தானே? வாத்துக் குழம்பு பரிமாறி முடிவதற்குள், ரயிலையே கப்பலில் ஏற்றுகிற அந்தக் கதையைச் சொல்லியே தீர வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் சொன்னார். கோபன்ஹேகனில் ரயில் பெட்டிகளைத் தண்டவாளத்தோடு தண்டவாளம் சேர்த்துக் கப்பலுக்குள் தள்ளுவதையும், அக்கரையில் மால்மோவில் இறக்குவதையும் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த பியேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி, வைத்த கண் வாங்காமல் பார்த்தார். போலீஸ்காரன் பார்வை என்று அகுஸ்தேனுக்குத் தோன்றியது.

"முசே அகுஸ்தேன், மால்மோவுல கப்பல விட்டு இறங்கினா எதிர்ல ஒரு மீன்கடை இருக்குமே. அந்தக் கடை அம்மாவ ஞாபகம் இருக்குதா?" என்று பியேர் மெதுவாகக் கேட்டார்.

எல்லோரும் அகுஸ்தேன் பக்கம் திரும்பினார்கள்.

மீன்கடைக்காரி! ஹான்சன் சொன்னதுண்டு. ஒற்றைக் கண்காரியாம், செத்துப்போன புருஷனின் பேரைச் சொல்லி வாழ்த்துகிறவர்களுக்கெல்லாம் சும்மா மீன் பொரித்துக் கொடுப்பாளாம். அது அப்பட்டமான புளுகு என்று பட்டதால் அகுஸ்தேன் இதுவரை யாரிடமும் அவளைப் பற்றி மூச்சு விட்டதில்லை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே. இப்போது ஆமாம் என்பதா, இல்லை என்பதா? ஒருவேளை தூண்டில் போடுகிறாரோ? மார்கரித் கதவோரம் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தார்.

"இல்லாமலா? ஒத்தைக் கண்ணு அம்மா."

பியேரின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. தனக்கொடி மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள்.

"அதேதான், எடது கண்ணு இருக்காது" என்றார் பியேர், ஒரு பெருமூச்சோடு. "நெசமாவே போயி வந்தவருக்குத்தான் இது தெரியும். எனக்கு இந்தச் சம்பந்தம் பரிபூரண சம்மதம்."

ரோசாலி அத்தை கையைத் தட்டினாள். மார்கரித் உள்ளே ஓடிப்போனாள். அகுஸ்தேனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடேயப்பா, அந்தப் புளுகன் ஹான்சன் வாயிலிருந்தும் ஓர் உண்மை வந்திருக்கிறதே! இருக்குமிடம் தெரிந்தால் அவனுக்கு ஒரு புட்டி ஒயின் அனுப்பலாம் என்றுகூட நினைத்தார்.

சாயங்காலம் சம்பந்தி வீட்டார் கிளம்பினார்கள். வாசலில் குதிரை வண்டி காத்திருந்தது. எல்லோரையும் ஏற்றிவிட்டு, தான் ஏறுவதற்கு முன் பியேர் அகுஸ்தேனை மகிழமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், தோளில் கையைப் போட்டு, காதோரம் குனிந்தார்.

"சம்பந்தி, உங்ககிட்ட அந்த ஹான்சன் பய ஊருக்கு எவ்வளவு கஞ்சி வாங்கினான்? என்கிட்ட முழுக் கிண்ணம் கறந்துட்டான், படவா."