தெருவை வெட்டாதே!

"மிஷின் இருக்கும்போது தெருவை எதுக்கு சார் வெட்டணும்?"

மருந்துக்கடைக்காரம்மா கேட்டதும் கூடியிருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள்.

"பக்கத்துத் தெருவுல ரெண்டே குழி. பூமிக்கடியிலயே குழாயைத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. எங்களுக்கு மட்டும் ரெண்டு மாசம் புழுதியா?"

சாக்கடைக் குழாய் போட வந்த இன்ஜினீயர் வரைபடத்தைச் சுருட்டினார்.

"இங்க மிஷின் சரிப்படாதும்மா."

"அதான், ஏன்?"

"சரிப்படாது. வெட்டித்தான் போடணும்."

வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறார் இந்த மனுஷர்? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே மனு எழுதி, வீடு வீடாக ஏறி நாற்பது கையெழுத்து வாங்கினாள்.

மேலிடம் விளக்கம் கேட்டது. அவர் விளக்கம் தரவில்லையாம். பத்தாம் நாள் அவரைத் தூக்கி எங்கோ மூலையில் போட்டார்கள்.

"சாதிச்சுட்டீங்கக்கா!" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

புதிதாக வந்த இன்ஜினீயர் ஒரு பெண். இரண்டு ஆட்களோடு தெருவை அளந்தாள். கடை வாசலில் டேப் நின்றது.

"அம்மா, உங்க கடை நாலடி தெருவுக்குள்ள இருக்கு. இந்த வரிசையில ஆறு வீடும் அப்படித்தான்."

"எங்க மாமனார் கட்டினதும்மா. முப்பது வருஷமா இதுலதான் பிழைக்கிறோம்."

"மிஷின் நேராத்தான் போகும். அஸ்திவாரத்துக்கு அடியில தள்ளக் கூடாது. தெருவுக்குள்ள நீட்டிக் கட்டின இடத்தை இடிக்கணும்."

அவள் டேப்பைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப வெட்டியே போட்டுடுங்க!"

"வெட்டினா வளைச்சுக் கொண்டுபோயிருக்கலாம்தான். ஆனா உங்க மனுவுக்கு அப்புறம், அளந்து அனுப்பச் சொல்லி உத்தரவு. நான் எழுதியாகணும்."

"முன்னால இருந்தவரு இதையெல்லாம் அளக்கவே இல்லையே..."

பெண் கையிலிருந்த பழைய கோப்பைப் புரட்டி, ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அளந்திருக்காரு. ஆறு வீட்டுக்கும் பென்சிலால குறிச்சு, அப்புறம் அழிச்சிருக்காரு. தடம் தெரியுது பாருங்க."

மருந்துக்கடைக்காரம்மா குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தாள்.

பெண் கோப்பை மூடினாள்.

"உங்க மனுவுக்கு அவர் ஒரு வரி பதில் எழுதியிருந்தா, அவர் வேலை இங்கயே இருந்திருக்கும்மா. உங்க கடைதான் அன்னைக்கே போயிருக்கும்."