அவன் எழுதிக் கொடுத்த ஆறு பேர்

"பொய் சொல்லாதே. அவன் எழுதின ஆறு பேர்ல முதல் பேரே உன்னோடதுதான்."

"சத்தியமா மேடம், அவனோட நான் பேசினதே இல்ல."

போனில் கெஞ்சியவனைக் கல்லூரியில் நெட்டை என்பார்கள். மற்ற ஐந்து பேரும் ஏற்கெனவே இதே பாட்டைப் பாடியாகிவிட்டது.

விரிவுரையாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுதியில் தொற்று வந்தவர்கள் கடைசி நாலு நாள் யார் யாரோடு இருந்தார்கள் என்று படிவத்தில் எழுதி வாங்கி விசாரிக்கும் வேலையை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். கூடவே திரிந்தவனை, நோய் வந்ததும் யாரென்றே தெரியாது என்கிற பிள்ளைகளை அந்த வாரம் நிறையப் பார்த்துவிட்டாள்.

"நாளைக்கு எனக்கு இன்டர்வியூ மேடம். நேர்ல போகணும். அப்பாவுக்கு வேலை போய் நாலு மாசமாச்சு."

"அதுக்காக அங்க இருக்கிறவங்களுக்கெல்லாம் நோயைக் கொண்டுபோய்க் குடுப்பியா? பத்து நாள் ரூமை விட்டு வெளிய வரக்கூடாது."

ஆறு பேரும் அடைந்து கிடந்தார்கள். நெட்டைக்குக் கிடைக்க வேண்டிய வேலை வேறு யாருக்கோ போனது.

பத்தாம் நாள் பரிசோதனையில் ஆறு பேருக்கும் ஒன்றுமில்லை. அவர்கள் பேரை எழுதிக் கொடுத்தவனும் நோய் தேறிவிட்டான் என்று கேள்விப்பட்டு அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"எப்படிப்பா இருக்கே?"

"பரவால்ல மேடம்."

"ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்கோ. உன் ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேரும் உன்னோட பேசினதே இல்லைன்னு சாதிச்சாங்க. இனிமே ஆளைப் பார்த்துப் பழகு."



"அவங்க சொன்னது நிஜம் மேடம். நான் யாரோடயும் பழகுறதில்ல."

"அப்புறம் ஏன் எழுதிக் குடுத்தே?"

"முதல்ல யாரும் இல்லைன்னுதான் எழுதினேன். ஹாஸ்டல்ல இருக்கிறவன் நாலு நாள் ஒருத்தரோடயும் பேசாம இருப்பானா, ஒழுங்கா எழுதுன்னு நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க."

அனுப்பியது உண்மைதான். அன்றைக்கு அப்படி ஏழெட்டுப் படிவங்களைத் திருப்பியிருந்தாள். நெட்டை கெஞ்சிய குரல் நினைவுக்கு வந்தது. தப்பு செய்துவிட்டோம் என்று நன்றாகவே தெரிந்தது.

"சரி, இந்த ஆறு பேரை எப்படி..."

"எனக்குத் தெரிஞ்ச பேரே அவ்வளவுதான் மேடம். நீங்க கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பேருக்கு முன்னாடி வர்ற மூணு, பின்னாடி வர்ற மூணு."

இரண்டு வருடமாகத் தினமும் அவன் பேரைக் கூப்பிட்டவள் அவள்தான். எவ்வளவு யோசித்தும் அவன் முகம் நினைவுக்கு வரவில்லை.