வீட்டுக்குள் பிரெஞ்சு மட்டும்

“இன்னைக்கும் நீங்கதான்! போங்க, போங்க!”

அவள் கைகாட்டிய திசையில் பாத்திரத் தொட்டி நிரம்பி வழிந்தது. கணவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தான்.

சட்டம் அவள் போட்டதுதான்.

பிழைக்க வந்த ஊரில் மகள் சிட்டு படிப்பது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். ஆண்டு விழாவில் இருமொழிப் போட்டி வைப்பார்கள். ஜெயிக்கிற பிள்ளையின் படம் ஒரு வருஷத்துக்குப் பள்ளி வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்கும். போன முறை தொங்கியது கீழ்வீட்டுக்காரியின் மகன். அன்றிலிருந்து கீழ்வீட்டுக்காரி குப்பை கொட்டப் போகிற நடையே மாறிவிட்டது.

“இந்த வருஷம் அந்தச் சுவத்துல நம்ம சிட்டு இருக்கணும். வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே தமிழையும் கழட்டி வெச்சிடணும். உள்ள வந்தா பிரெஞ்சு மட்டும். தமிழ் பேசினவங்க பாத்திரம் கழுவணும்!”

“உனக்குக் கோவம் வந்தா பிரெஞ்சுலயா திட்டுவே?” என்றான் கணவன்.

யோசித்தாள். “திட்டுறதுக்கு மட்டும் விலக்கு.”

மகளின் முதல் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி அவள் கொஞ்சம் பிரெஞ்சு தேற்றி வைத்திருந்தாள். அதற்கு அகப்படாததை எல்லாம் கையைக் காட்டி ஒப்பேற்றினாள். ஒரு நாள் சூப்பில் உப்பில்லை. உப்புக்கு என்ன சொல்வது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள்.

“அந்த உப்பை எடு தாயே, நாக்கு செத்துப்போச்சு!” என்றான் கணவன்.

பாத்திரம் அவன் தலையில்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வாயைக் கட்டவே தெரியாது. வீட்டுக்குள் நுழையும்போது “போன்ழூர்” என்று ஜோராகத்தான் ஆரம்பிப்பான். அடுத்த வாக்கியமே வழுக்கித் தமிழில் விழும்.

“சிட்டு, இன்னைக்கு ஒரு கல்யாண மாப்பிள்ளை கேக்கோட லிஃப்டுல மாட்டிக்கிட்டாரு பாரு...”

அவள் தொட்டியைக் காட்டுவாள். “தோத்தாச்சுல்ல, இனிமே எவ்வளவு பேசினா என்ன?” என்று மீதிக் கதையைப் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வான். சிட்டு துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். குழாயைத் திறந்துவிட்டு இரண்டும் குசுகுசுவென்று பேசிச் சிரிக்கும்.

“தானும் உருப்படாம, பிள்ளையையும் கெடுக்கிறீங்களே! கொஞ்ச நேரம் நாக்கைச் சுருட்டி வெக்க முடியாதா? பொண்ணு முன்னுக்கு வரணும்னு ஒரு அக்கறை வேணாம்?” விலக்கு இருந்ததால் வாயாரத் திட்டினாள்.

அவன் பல்லைக் காட்டியபடி சட்டி தேய்த்தான்.

போட்டி நாள். அரங்கம் நிறைந்திருந்தது. ஒரு பெண் மேடையேறி, பிரெஞ்சில் அருவியாய்க் கொட்டினாள். முடித்துவிட்டு, தன் வீட்டு மொழியில் அதே கதையைத் தொடங்கினாள். நாலு வார்த்தைக்குள் திக்கி, திணறி, அழுதுகொண்டே இறங்கினாள்.

சிட்டுவின் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னங்க இது? பிரெஞ்சுப் போட்டிதானே?”

“இருமொழிப் போட்டி, ரெண்டு மொழியிலயும் ஒரே கதையைச் சொல்லணும். தமிழுக்கு மார்க் போட அதோ, நம்ம தமிழ்ப் பல் டாக்டரம்மா வந்திருக்காங்க.”

“ஐயோ! இத்தனை நாளா என் வாயிலேர்ந்து அவ கேட்ட தமிழெல்லாம் திட்டுத்தானே! மேடையில என்னத்தைச் சொல்லி வெக்கப்போறாளோ!”

சிட்டு மேடையேறினாள். பிரெஞ்சில் சொன்ன கதைக்கு அரங்கமே சிரித்தது. இனி தமிழ். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“ஒரு ஊர்ல ஒரு லிஃப்ட் இருந்துச்சாம். அதுக்குத் திடீர்னு மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல தூக்கம் வந்துருச்சாம். உள்ள ஒரு மாப்பிள்ளை, ஒரு கேக்கு. மாப்பிள்ளைக்குப் பயம் வந்தா பசிக்குமாம்...”

கண்ணைத் திறந்தாள். ஏற்ற இறக்கமும் கையாட்டலும் அப்படியே அப்பன்!

“கடைசியில கதவைத் திறந்தா, மாப்பிள்ளை இருந்தாராம், கேக்கைக் காணோமாம். ‘கேக்கு எங்க மாப்ளே?’ன்னா, ‘அது படியில இறங்கிப் போயிருச்சு’ன்னாராம்!”

பல் டாக்டரம்மா அத்தனை பல்லும் தெரியச் சிரித்தாள்.

பரிசு சிட்டுவுக்கு.

“பாத்தீங்களா, என் சட்டம் வீண் போகலை!” அவள் தரையில் நிற்கவில்லை. தலைமை ஆசிரியை வாழ்த்த வந்தபோது, கைவசமிருந்த பிரெஞ்சு அத்தனையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். அது அரை நிமிஷத்தில் தீர்ந்தது. அந்தம்மா பதிலுக்கு ஏதோ நீளமாகக் கேட்டபோது, பரிதாபமாகக் கணவனைப் பார்த்தாள்.

அவன் பேசினான். பிரெஞ்சில். தண்ணி பட்ட பாடாக. தலைமை ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவன் கையைக் குலுக்கிப் போனாள்.

மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உங்களுக்கு... எப்படிங்க?”

“நான் பாக்கிறது பூரா பிரெஞ்சுக்காரங்க கட்டடம். லிஃப்டுல மாட்டினவங்க பயந்துடாம இருக்க, கதவு திறக்கிற வரைக்கும் வெளியில நின்னு பேசிக்கிட்டே இருக்கணும். பேசிப் பேசி வந்துருச்சு.”

“அடப்பாவி மனுஷா! இவ்வளவு தெரிஞ்சும் எதுக்கு நாள் தவறாம எங்கிட்டத் தோத்தீங்க?”

அவன் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

“நானும் ஜெயிச்சுட்டா, இவகிட்டத் தமிழ் பேச வீட்டுல யாரு இருக்கா?”