பழைய ஆயிலையே ஊற்றியவர்

அந்தக் கதையை மூத்த மாப்பிள்ளை ஒன்பது வருஷமாக முழுசாக நம்பியதில்லை. நம்பாமலேயே ஒவ்வொரு தடவையும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்திருக்கிறார், அது வேறு விஷயம்.

கதை சொல்வது எப்போதும் சின்ன மாப்பிள்ளைதான். மாமனார் வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

"பிக்கப்புக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் தவறாம கியர் ஆயில் மாத்திடுவேன் அண்ணே. அந்தத் தடவை புதுசா ஒரு பட்டறை. ஏழு டின் ஆயில், ஃபில்டர், எல்லாம் வாங்கிக் கொடுத்துட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன், அதுக்குள்ள மாமா வந்து நிக்கிறார். அந்த ஆள் என்ன பண்றான் தெரியுமா? கியர்பாக்ஸ்லேர்ந்து இறக்கின பழைய ஆயிலை வெள்ளைத் துணியில வடிகட்டி, திரும்ப அதே வண்டிக்குள்ள ஊத்துறான்!"

சிரிப்பு.

"கையும் களவுமா பிடிச்சேன்" என்பார் மாமனார். "என்னய்யா இதுன்னு கேட்டா, ஒரு வார்த்தை பதில் இல்லை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். புது டின்னையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போய் வேற பட்டறையில ஊத்திக்கோன்னு இவரை அனுப்பி வெச்சேன்."

மாமனார் சொன்னால் சரக்கு வண்டிக்காரர்கள் கேட்பார்கள். ரெண்டே மாதத்தில் அந்தப் பட்டறைக்கு வண்டி வருவது நின்றுபோனது. மெக்கானிக் ஷட்டரை இறக்கிவிட்டு, ஏதோ பஸ் கம்பெனியில் சம்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். குடும்பத்தில் அவருக்கு 'வடிகட்டி' என்று பெயர் நிலைத்தது.

மூத்தவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஏமாற்ற நினைத்தவன் புது டின்களைச் சீல் உடைக்காமல் கண்ணெதிரே வரிசையாக வைத்திருப்பானா? பட்டப்பகலில் வாசலில் உட்கார்ந்து வடிகட்டுவானா? ஃபில்டரை மட்டும் எதற்குப் புதுசாகப் போட வேண்டும்?

மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா? எப்பவோ முடிஞ்ச கதை."

"முடிஞ்சிருந்தா எனக்கு ஏன் அரிக்குது?"

"அரிச்சா சொறிஞ்சுக்கோங்க" என்று விளக்கை அணைத்தாள்.

அவருடைய பழைய வேனும் அந்தப் பிக்கப் மாதிரியே தானாகக் கியர் மாறும் வண்டி; போன வாரம் கியர் மாறும்போது உதறியது. பட்டறைக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் ஒரு பெண்மணி. அளவுக்கம்பியை உருவி, நுனியை முகர்ந்து, முகத்தைச் சுளித்தாள்.

"கடைசியா எப்ப சார் ஆயில் மாத்தினீங்க?"

"மாத்தினதே இல்லம்மா. எட்டு வருஷம் ஆச்சு."

"நல்லா இருக்கு. அப்ப இப்பவும் மாத்த வேணாம்."

"என்னம்மா, புதுசு ஊத்தினா நல்லதுதானே?"

"ஒழுங்கா மாத்திக்கிட்டு வந்த வண்டிக்கு நல்லது. இதுல உள்ள தகடெல்லாம் தேய்ஞ்சு, அந்தத் தூள் ஆயில்லயே கலந்து கிடக்கு. இப்ப அந்தத் தூள்தான் பிடிமானம். மொத்தமா புதுசு ஊத்தினா வழுக்கும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. இதை ஒத்துக்காத மெக்கானிக்கும் உண்டு. ஆனா என் கண்ணு முன்னாடியே ரெண்டு வண்டி அப்படி உட்கார்ந்துபோச்சு."

"அப்ப என்னதான் பண்றது?"

"அடித்தட்டைக் கழட்டிக் கழுவி, ஃபில்டரை மட்டும் புதுசா போட்டு, இதே ஆயிலை வடிகட்டி ஊத்தித் தர்றேன். கொஞ்ச நாள் ஓடும்."

மூத்தவர் அங்கே கிடந்த டயர்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாத்தின வண்டிக்கு இப்படிச் செய்வீங்களாம்மா?"

"எனக்கென்ன பைத்தியமா சார்?"

ஞாயிற்றுக்கிழமை காலை நேரே சின்ன மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார் அவர்.

"வாங்க அண்ணே! என்ன, சொல்லாம கொள்ளாம?"

"ஒரு சந்தேகம் சகலை. அன்னைக்கு வேற இடத்துல புது ஆயில் ஊத்திக்கச் சொல்லி மாமா உன்னை அனுப்பினாரே, எந்தப் பட்டறையில ஊத்தினே?"

"அது... எங்கயோ ஒரு இடம். இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"ஊத்தவே இல்லையே?"

சின்னவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பிக்கப்பின் சாவியைக் கொடுத்தபோது மாமனார் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கியர் ஆயில் மாற்ற வேண்டும், தவறினால் சாவி திரும்பி வந்துவிட வேண்டும். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. சின்னவருக்கு அந்த வண்டியை விட்டால் வேறு பிழைப்பும் கிடையாது. இதெல்லாம் மூத்தவருக்குத் தெரியும்.

"எத்தனை வருஷமா மாத்தாம ஓட்டினே?"

"ஆறு" என்றார் சின்னவர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "மாமாகிட்ட சொல்லிடாதீங்க அண்ணே. கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

மூத்தவர் போய்க் குழாயை மூடினார். பிறகு கேட்டார்:

"பட்டறையே கையை விட்டுப் போனப்பவும் அந்த மனுஷன் வாயைத் திறக்கலையே, சகலை. மாமா வர்றதுக்கு முன்னாடி அவர்கிட்டயும் இப்படித்தான் கெஞ்சிச் சத்தியம் வாங்கினியா?"