ஆட்டின் காதில் கேட்டது

எலாலி கழுதைகள் மேல் துணி மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். மலைக்கு அப்பால் வியாபாரத்துக்குப் போகும் அசூர் நகரத்து ஆண்கள் அங்கே இன்னொருத்தியையும் கட்டிக்கொள்வது வழக்கம். அவன் மனைவி நராம்துமுக்கு வயிறு எரிந்தது.

"அங்க பொம்பளைங்களுக்கு நம்ம அக்காதியன் பாஷையே தெரியாதுடி," என்றான்.

"அது உங்களுக்கு இன்னும் வசதி."

புறப்படுமுன், பயணம் நல்லபடியாக முடியுமா என்று ஆட்டு ஈரல் பார்த்துக் குறி கேட்க வேண்டும். வந்த குறிகாரர் அஷூர்-தாபை அவள் வாசலிலேயே மடக்கினாள். "அண்ணே, பயணம் வேணாம்னு சொல்லிடுங்க."

"ஈரல்ல இல்லாததைச் சொன்னா சாமி என் நாக்கை அறுத்துடும், தங்கச்சி."

அவர் ஆட்டின் காதில் கேள்வியை முணுமுணுத்தார். பிறகு அறுத்து, ஈரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமி இல்லைன்னுடுச்சு."

எலாலி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூட்டைகளை இறக்கப் போனான்.

"பொய் சொல்ல மாட்டேன்னீங்களே, அண்ணே?" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"பொய்யே இல்ல. 'இவன் அங்க போனா இன்னொருத்தியைக் கட்டாம திரும்பி வருவானா'ன்னுதான் காதுல கேட்டேன்."

நராம்தும் அறுபட்டுக் கிடந்த ஆட்டைப் பார்த்தாள்.

"இது எனக்கே தெரியுமே. இதுக்குப் போய் ஒரு ஆட்டைக் கொன்னீங்களா?"