சைக்கிளுக்குக் காவல்

“நீங்க உள்ள போயி நம்பர் எழுதிட்டு வாங்க. நான் சைக்கிளப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்” என்றாள் மருதம்மாள்.

இருளப்பன் தயங்கினான்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததிலிருந்து சுங்கைப் பட்டாணி டவுனில் கண்ணை மூடித் திறப்பதற்குள் சைக்கிள் காணாமல் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் மார்க்கெட் வாசலில் ஒருவர் இறங்கி, குனிந்து வேட்டியைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாராம். சைக்கிள் இல்லை.

“நீயே போயி எழுதிட்டு வாயேன். நான் நிக்கிறேன்.”

“ஜப்பான்காரன் முன்னால நான் போயி நிக்கவா? நல்லாருக்கே நாயம்!”

அவன் சிரித்துக்கொண்டே கைப்பிடியை அவளிடம் கொடுத்தான். ஆபீஸ் வாசலில் துப்பாக்கியோடு நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்பு மடியக் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனான்.

பல ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் ஆண்கள் வந்திருந்தார்கள். அவர்களுடைய சைக்கிள்களைச் சுவரோரம் சேர்த்து நிறுத்தி, சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். மருதம்மாளுக்குச் சங்கிலியில் நம்பிக்கை இல்லை. அதற்காகவே செமிலிங் தோட்டத்திலிருந்து பின்னால் உட்கார்ந்து வந்திருந்தாள்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிதான் செய்தி சொன்னார். சைக்கிள் வைத்திருப்பவர்கள் நேரில் போய்ப் பெயர் பதிய வேண்டும். தகரத்தில் நம்பர் அடித்துக் கொடுப்பார்கள். நம்பர் போட்ட சைக்கிளை எந்தத் திருடனும் தொடமாட்டான்.

பழைய சைக்கிள்தான். டயர் கிடைக்காததால் ரப்பர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றி, கம்பியால் இறுக்கியிருந்தது. கல்லில் ஏறினால் பல் கிடுகிடுக்கும்.

ஆனால் தோட்டக் கூலிகள் குடியிருந்த லயத்தில் அது ஒன்றுதான் சைக்கிள். அதில்தான் இருளப்பன் ஆபீஸ் கடிதங்களை டவுனுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் எடுத்தபோது, கடிதம் கொண்டுபோக வேறு ஆள் இல்லை என்று கூலிகளை மேய்க்கும் தண்டல் அவன் பெயரை மட்டும் விட்டுவிட்டார்.

அன்றைக்கு லயத்திலிருந்து பதினெட்டுப் பேர் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

சைக்கிள் போனால் அவனும் போவான். மருதம்மாள் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

எதிர்க்கடை வாசலில் நின்ற ஒருவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பில் வேட்டிக்குப் பதில் கோணிச்சாக்கு. கண் சைக்கிளுக்கு வந்தது, ஆபீஸ் வாசலுக்குப் போனது, மறுபடி சைக்கிளுக்கு வந்தது.

இவன்தான், என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் சாலையைக் கடந்து வந்தான்.

“தங்கச்சி, உள்ள போனது ஒன் வீட்டுக்காரரா?”

“ஆமா. அதுக்கென்ன?”

“பின்னால சந்துல போயிப் பாரும்மா. லாரி நிக்கிது.”

மருதம்மாளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“நான் போயி லாரியப் பாக்கணும். நீங்க இங்க நின்னு சைக்கிளப் பாத்துக்குவீங்க. அதானேண்ணே?”

“சைக்கிளயும் தள்ளிக்கிட்டே போ தாயி. வெரசாப் போ.”

“சந்துக்குள்ள வச்சுப் புடுங்குறது இன்னும் சுளுவு, இல்ல? போங்கண்ணே, வேற ஏமாளியப் பாருங்க. கத்துனேன்னா சிப்பாய் வந்துருவான்.”

கடைசி வார்த்தையை உரக்கவே சொன்னாள். சிப்பாய் திரும்பிப் பார்த்தான். கோணிச்சாக்குக்காரன் முகம் வெளிறி, மூன்று தடவை குனிந்து வணங்கி, பின்பக்கமாகவே நடந்து எதிர்ச்சாரிக்குப் போய்விட்டான்.

மருதம்மாளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பகல் வெளிச்சத்தில் ஒரு திருடனை வாயாலேயே விரட்டியிருக்கிறாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இருளப்பனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம்.

அப்போது சந்திலிருந்து லாரி வெளியே வந்தது.

பின்னால் ஆண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். சிலர் எட்டிப் பார்த்து, சுவரோரம் தங்கள் சைக்கிள் இருக்கிறதா என்று தேடினார்கள். ஓரத்தில் இருளப்பன். முகமெல்லாம் சிரிப்பு.

“வேற ஆபீசுல நம்பர் குடுக்குறாங்களாம்! சைக்கிளப் பாத்துக்க, இந்தா வந்துர்றேன்!”

அவள் தலையை ஆட்டினாள். அது போதாது என்று மணியை ஒருமுறை அடித்துக் காட்டினாள்.

லாரி கடந்து போனது. இப்போது என்ன சொல்கிறாய் என்பதுபோல எதிர்க்கடைப் பக்கம் திரும்பினாள்.

கோணிச்சாக்குக்காரன் தரையில் குந்தியிருந்தான். சைக்கிளை அவன் பார்க்கவேயில்லை. போகும் லாரியைப் பார்த்தபடி உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தான்.

தெரு முனையில் லாரி வேகம் குறைத்தது. ஆபீஸ்களெல்லாம் வலப்பக்கம்.

லாரி இடப்பக்கம், ரயில் ஸ்டேஷன் சாலையில் திரும்பியது.

மருதம்மாளின் விரல்கள் விரிந்தன. சைக்கிள் நடுத்தெருவில் சாய்ந்து விழுந்தது. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது, சைக்கிள் விழுந்த இடத்திலேயே கிடந்தது.