மனம் திறந்த மெக்கானிக்

பிஸ்கட் தொழிற்சாலையின் தலைமை மெக்கானிக்கை மேனேஜர் கூப்பிட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் இந்த ஏஐகிட்ட சொல்லிடுங்க. நாளைக்கு மெஷின் நின்னா, யார் வேணும்னாலும் அதைக் கேட்டுச் சரி பண்ணிக்கலாம்."

மெக்கானிக் மறுப்பே சொல்லவில்லை. இரண்டு மாதம் தினமும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அது கேட்ட நானூறு கேள்விகளுக்கும் சிரித்த முகமாகப் பதில் சொன்னார்.

மனைவிதான் பதறினாள். "எல்லாத்தையும் கொட்டிட்டா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கொஞ்சம்கூடக் கவலை இல்லையா?"

"நீ சும்மா இரு," என்று கண்ணடித்தார்.

கடைசி நாள் மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இவ்வளவு மனசு திறந்து யாருமே சொன்னதில்லை. இனிமே ஏஐ பிரிவுக்கே நீங்கதான் தலைவர். திங்கட்கிழமையில இருந்து எல்லா மெஷினையும் அது சொல்றபடிதான் ரிப்பேர் பண்ணப் போறோம். எது நடந்தாலும் பொறுப்பு உங்களோடது."

வீட்டில் மனைவி பூரித்துப்போனாள். "பதவி உயர்வு வந்திருக்கு. அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

மெக்கானிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வேலை போயிடக் கூடாதேன்னு, இறுக்க வேண்டிய இடத்துல எல்லாம் தளர்த்தணும்னு சொல்லி வச்சிருக்கேன்."